காற்றில் மிதந்த ரதம் விலைக்கு வருகிறது!

விளம்பரத்தில் பொய் சொல்லக் கூடாது என்று பல தேசங்களில் சட்டம் இருக்கிறது. ஆனால் உண்மையில் எவ்வளவு பாகத்தைச் சொல்ல வேண்டும், எவ்வளவு பாகத்தை விழுங்கிவிடலாம் என்பதில்தான் விற்கிறவரின் சாமர்த்தியம் இருக்கிறது! "பிள்ளைக்குச் சொந்த வீடு உண்டு" என்று கல்யாணத் தரகர் சொன்னால், வீடு இருப்பது வாஸ்தவந்தான். அந்த வீட்டின் மேல் மூன்று தலைமுறையாகக் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது பெண் வீட்டாரின் பொறுப்பு.

பழைய மோட்டார் விஷயமும் இப்படித்தான். அமெரிக்காவில் பழங்காலத்து ஆடம்பர மோட்டார்களை வாங்குவதும் விற்பதும் பெரிய வியாபாரம். அவற்றை விற்கிறவர்கள் விளம்பரம் எழுதுவதில் நம் தரகர்களுக்குச் சற்றும் இளைத்தவர்கள் அல்லர். ஓர் உதாரணத்துக்காக, இப்படி ஒரு விளம்பரம் உங்கள் கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"விற்பனைக்கு: 1957-ம் வருஷத்துக் காடிலாக் எல்டொராடோ புரூம். மொத்தமே 400 வண்டிகள்தான் செய்யப்பட்டன. ஒரே குடும்பத்தில் இருந்தது. ஓடக்கூடிய நிலை. சில்லறை வேலைகள் பாக்கி. விலை நேரில்."

ஐந்தாறு சிறு வாக்கியங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு மூடிய பெட்டி. இந்த வாரம் அந்தப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்போம். நீங்களும் நானும் இந்த வண்டியை வாங்கப் போவதில்லை என்பது நிச்சயம். இருந்தாலும், பெரிய சாமான் எதையும் வாங்கப் போகிறவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது.

பெயரிலேயே மூன்று கதை

முதலில் பெயரைப் பாருங்கள். காடிலாக் என்பது ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயர். 1701-ல் டெட்ராயிட் நகரத்துக்கு அஸ்திவாரம் போட்டவர் அவர். அந்த ஊரில் 1902-ல் ஹென்றி லேலண்ட் என்பவர் மோட்டார் கம்பெனி ஆரம்பித்தபோது, ஊரை ஸ்தாபித்தவரின் பெயரையே அதற்குச் சூட்டினார். 1909-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அதை வாங்கிக்கொண்டது.

எல்டொராடோ என்றால் ஸ்பானிஷ் பாஷையில் 'பொன் பூசியவன்' என்று அர்த்தம். தென் அமெரிக்கக் காட்டுக்குள் எங்கேயோ பொன்மயமான ஒரு ராஜ்யம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு எத்தனையோ பேர் தேடிப் போனார்கள். பொன் கிடைக்கவில்லை, போனவர்களில் பலர் திரும்பவும் இல்லை. ஒரு மோட்டாருக்கு இப்படிப் பெயர் வைத்தவர் விளையாட்டாக வைத்தாரோ, தெரிந்து வைத்தாரோ, பெயர் என்னவோ மிகவும் பொருத்தமாகத்தான் அமைந்துவிட்டது!

புரூம் என்பது பிரிட்டிஷ் ராஜதந்திரி புரூம் பிரபுவின் பெயரைத் தாங்கிய குதிரை வண்டி. அந்தக் காலத்துக் கனவான்கள் சவாரி செய்த மூடிய வண்டி அது.

ஆக, ஒரு பிரெஞ்சுக்காரர், ஒரு ஸ்பானிஷ் கனவு, ஓர் ஆங்கிலப் பிரபு மூவரும் சேர்ந்து ஓர் அமெரிக்க மோட்டாருக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று பேரையும் ஏற்றிக்கொள்ள அதில் தாராளமாக இடம் உண்டு. வண்டியின் நீளம் பதினெட்டு அடி. எடை ஏறக்குறைய இரண்டரை டன்!

ரோஜாவனமா, மோட்டாரா?

1956-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் இந்த வண்டி வரப்போகிறது என்று அறிவித்தார்கள். விலை 13,074 டாலர். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் ஒரு வருஷத்து வருமானமே சுமார் 5,000 டாலர்தான். இரண்டரை வருஷம் குடும்பத்தில் ஒருவரும் சாப்பிடாமல், துணி உடுத்தாமல், வாடகை கொடுக்காமல் இருந்தால் இந்த வண்டியை வாங்கிவிடலாம்! நியூயார்க்குக்கு அருகில் லெவிட்டவுன் என்ற புது ஊரில் 1949-ல் ஒரு முழு வீடு, தோட்டத்துடன், 7,990 டாலருக்கு விற்றது. அந்த வீடு ஒன்றரை வாங்குகிற பணத்தை நாலு சக்கரத்தில் போட வேண்டும் என்றார்கள். விலைவாசி ஏற்றத்தைக் கணக்குப் பார்த்தால், இன்றைய பணத்தில் அது கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் டாலர்.

இவ்வளவு பணம் கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது? கேளுங்கள்.

கூரை முழுவதும் மெருகேற்றிய துருப்பிடிக்காத எஃகு. முன் பக்கம் இரண்டு விளக்குக்குப் பதிலாக நாலு. முன் கதவும் பின் கதவும் நடுவிலிருந்து இரு பக்கமும் பிரிந்து திறக்கும். இடையே தூண் கிடையாது. ஆகையால் இரண்டையும் திறந்து வைத்தால் கல்யாண மண்டபத்து வாசல் மாதிரி இருக்கும். வண்டி கியரில் இருக்கும்போது பின் கதவு திறக்காது. ஓட்டுகிறவருடைய ஆசனம் மின்சாரத்தில் நகரும். அதோடு விட்டதா? அவருக்குப் பிடித்த நிலையை அது ஞாபகம் வேறு வைத்துக்கொள்ளும்! மனைவிக்குத் தகுந்தபடி நகர்த்திய ஆசனம் கணவர் வந்ததும் ஒரு பொத்தானில் பழைய இடத்துக்குப் போய்விடும். எதிரே மோட்டார் வந்தால் விளக்கின் வெளிச்சம் தானாகவே தணியும். சாமான் பெட்டியின் மூடி தானாகவே திறந்து தானாகவே மூடிக்கொள்ளும். உள்ளே உட்காருகிற இடத்துக்குப் பல விதமான துணி, தோல், வர்ணச் சேர்க்கைகள், வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கால் வைக்க ஆட்டு ரோமக் கம்பளம்.

பெண்மணிகளை மறந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். முகப் பவுடர் டப்பா, உதட்டுச் சாயம், சீப்பு, கண்ணாடி ஆகியவை வைக்கத் தனிச் சிமிழ்கள் வண்டியோடு வந்தன. லான்வின் கம்பெனியின் 'ஆர்பேஜ்' என்ற பிரெஞ்சு அத்தர் ஒரு குப்பி நிறைய இருக்கும். வெள்ளிப் பூச்சுடன் சின்னச் சின்னத் தம்ளர்களும் உண்டு. அவற்றின் அடியில் காந்தம்; வண்டி ஓடும்போது சாய்ந்துவிடக் கூடாது அல்லவா?

கவனியுங்கள். இன்றைக்கு இந்தத் தம்ளரும் அத்தர்க் குப்பியும் இருக்கின்றனவா என்று வாங்க வருகிறவர் முதலில் கேட்பார். எஞ்சினைப் பற்றிய கேள்வி பிறகுதான்! ஏனென்றால் எஞ்சின் அந்த வருஷத்துக் காடிலாக்குகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. 365 கன அங்குல வி-8, 325 குதிரை சக்தி. அதற்குப் பாகம் தேடிப் பிடித்துவிடலாம். தம்ளரைத் தேடுவதுதான் கஷ்டம்.

"மொத்தமே 400 வண்டிகள்தான்!"

இந்த வாக்கியத்தைப் படித்ததும் வாங்குகிறவரின் மனம் துள்ளும். அபூர்வமான பொருள் அல்லவா?

1957-ல் 400 என்பது உண்மை. 1958-ல் இன்னும் 304. ஆக 704 வண்டிகள். பிறகு 1959-லும் 1960-லும் இதே பெயரில் வேறு உருவத்தில் சுமார் 200 வண்டிகளை இத்தாலியில் டூரின் நகரத்துப் பினின்பரினா பட்டறையில் கட்டினார்கள். அதோடு அந்தக் கதை முடிந்தது.

ஏன் இத்தனை குறைவு? 'அபூர்வமாக இருக்கட்டும்' என்று நினைத்துக் குறைவாகச் செய்தார்கள் என்று விளம்பரம் நம்மை நம்பச் சொல்லும். வாஸ்தவம் அதுவல்ல. ஒவ்வொரு வண்டியையும் விற்றபோது கம்பெனிக்கு நஷ்டம்! பதின்மூவாயிரம் டாலர் வாங்கியும் கட்டுப்படியாகவில்லை. காரணம், வண்டியில் பெரும் பாகம் கைவேலை.

போட்டியும் ஒரு காரணம். ஃபோர்டு கம்பெனிக்காரர்கள் காண்டினெண்டல் மார்க்-2 என்று ஒரு வண்டியை 1956-ம் வருஷ மாடலாகக் கொண்டு வந்தார்கள். விலை சுமார் 10,000 டாலர். அழகான, அடக்கமான வண்டி. சுமார் மூவாயிரம் செய்தார்கள், ஒவ்வொன்றிலும் நஷ்டம், 1957-ல் கடையைக் கட்டினார்கள். 'அவர்கள் பத்தாயிரம் நஷ்டத்தில் விற்றால், நாங்கள் பதின்மூவாயிரம் நஷ்டத்தில் விற்போம்!' என்று காடிலாக் கிளம்பிற்று. பக்கத்து வீட்டுக்காரர் பெண்ணுக்கு ஏழு நாள் கல்யாணம் செய்தால் நாம் எட்டு நாள் செய்ய வேண்டும் என்று கிளம்புகிற மிராசுதார் டெட்ராயிட்டிலும் இருந்தார். அதற்கு மேல், 1957-ம் வருஷத்துக் கடைசியிலிருந்து அமெரிக்காவில் வியாபார மந்தம் வேறு வந்து சேர்ந்தது.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். காடிலாக் உலகப் புகழ் பெற்றது எதனால் தெரியுமா? 1908-ல் இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் பந்தய மைதானத்தில் ஒரு சோதனை நடந்தது. மூன்று காடிலாக் வண்டிகளைத் திருகு திருகாகக் கழற்றினார்கள். எல்லாப் பாகங்களையும் ஒரே குவியலாகப் போட்டுக் கலந்தார்கள். சில பாகங்களை எடுத்துவிட்டுக் கிடங்கிலிருந்த வேறு பாகங்களைச் சேர்த்தார்கள். பிறகு அந்தக் குவியலிலிருந்து மறுபடியும் மூன்று வண்டிகளைப் பூட்டினார்கள். ஓர் இடத்திலும் அரத்தால் ராவவில்லை. மூன்று வண்டிகளும் கிளம்பி ஐந்நூறு மைல் ஓடின! பாகத்துக்குப் பாகம் மயிரிழை பிசகாமல் செய்திருந்தார்கள் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா? ட்யூவர் கோப்பையை அந்தக் கம்பெனிக்குக் கொடுத்தார்கள்.

எந்தப் பாகமும் எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று பெயர் வாங்கிய கம்பெனி, அரை நூற்றாண்டு கழித்து, வேறு எந்த வண்டியிலிருந்தும் எடுத்துப் பொருத்த முடியாத கதவும் கண்ணாடியும் அலங்காரமும் கொண்ட வண்டியைச் செய்தது. வாங்குகிறவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது இது. மொத்தம் 704 வண்டிகள் என்றால், உடைந்து போன கண்ணாடிக்கு மாற்றுக் கண்ணாடியும் அந்த 704-க்குள்தான் தேட வேண்டும்! அபூர்வம் என்பது பெருமை, அதுவே செலவு.

"ஓடக்கூடிய நிலை"

ஓடும்; சந்தேகமில்லை. ஆனால் நிற்கும்போது எப்படி நிற்கிறது என்று கேட்டீர்களா?

இந்த வண்டியின் பெரிய பெருமை அதன் காற்றுத் தாங்கிகள். சாதாரண மோட்டாரில் சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவில் எஃகு வில் இருக்கும். புரூமில் அதற்குப் பதிலாகக் காற்று. சிறிய பம்பு ஒன்று காற்றை அழுத்தித் தொட்டியில் சேர்க்கும். அங்கிருந்து குழாய் வழியாக ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் இருக்கும் கூட்டுக்குள் போகும். கூட்டுக்குள் ரப்பர் சவ்வு. பின்னால் மூன்று பேர் ஏறி உட்கார்ந்தால் வண்டி தாழும். உடனே வால்வு திறந்து காற்று அதிகமாகப் போய் வண்டியைச் சமநிலைக்குக் கொண்டுவரும். இறங்கினால் காற்று வெளியேறும். எத்தனை பேர் ஏறினாலும் வண்டி ஒரே மட்டத்தில், மேகத்தில் போவது போலப் போக வேண்டும்.

யோசனை பிரமாதமானதுதான். ஆனால் அந்தக் காலத்து ரப்பரும் வால்வும் அந்த யோசனைக்கு ஈடு கொடுக்கவில்லை. காற்று கசிந்தது. குழாய்க்குள் ஈரம் சேர்ந்தது. ராத்திரி கம்பீரமாக நிறுத்திவிட்டுப் போன வண்டி, காலையில் பார்த்தால் சண்டி மாடு மாதிரி ஒரு பக்கம் படுத்துக்கொண்டிருக்கும்! பதின்மூவாயிரம் டாலர் கொடுத்த கனவான், பக்கத்து வீட்டார் ஜன்னல் வழியாகப் பார்க்க, அதன் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

சொந்தக்காரர்களில் பலர் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு காற்றுக் கூடுகளைக் கழற்றி எறிந்துவிட்டுச் சாதாரணச் சுருள் வில்லைப் போட்டுக்கொண்டார்கள். வண்டி எழுந்து நின்றது, மறுபடியும் படுக்கவில்லை.

இங்கேதான் இன்று தகராறு. பழைய மோட்டார் அபிமானிகள் இரண்டு கட்சி. 'காற்றுத் தாங்கி இல்லாத புரூம் புரூமே அல்ல. கோபுரத்தை இடித்துவிட்டுத் தகரக் கொட்டகை போட்ட மாதிரி' என்பது ஒரு கட்சி. 'ஓடுவதற்குத்தானே மோட்டார்? படுத்துக்கிடக்கும் வண்டியைச் சுற்றிப் பிரதட்சிணம் செய்யவா?' என்பது இன்னொரு கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. நல்ல வேளையாக இன்றைய ரப்பர் அன்றைய ரப்பரைவிடத் திறமானது; பொறுமையும் பணமும் இருக்கிறவர்கள் காற்றுத் தாங்கியைப் புதுப்பித்துக்கொள்கிறார்கள். ஆனால் விற்கிறவர் எந்த நிலையில் விற்கிறார் என்பதைச் சொல்லியாக வேண்டும். 'ஓடக்கூடிய நிலை' என்று சொல்லிவிட்டு வில்லைப் பற்றி மௌனம் சாதித்தால், கீழே குனிந்து பார்ப்பது வாங்குகிறவரின் கடமை.

"ஒரே குடும்பத்தில் இருந்தது"

எனக்கு இந்த விளம்பரத்தில் பிடித்த வாக்கியம் இதுதான். வண்டியைப் பற்றிச் சொல்லாமல் மனிதர்களைப் பற்றிச் சொல்லுகிறது அல்லவா?

காடிலாக் வண்டியை யார் வாங்கினார்கள்? பணக்காரர்கள் பெருமைக்காக வாங்கினார்கள் என்று சொல்லிவிட்டால் பாதிக் கதைதான்.

எல்விஸ் பிரெஸ்லி என்ற பாடகரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மிகவும் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். கையில் பணம் வந்ததும், 1955-ம் வருஷத்துக் காடிலாக் ஒன்றைத் தம் தாயாருக்கென்று கொடுத்தார். நீல வண்டியை இளஞ்சிவப்பாக மாற்றி வர்ணம் அடித்த வண்டி அது. தாயாருக்கோ மோட்டார் ஓட்டவே தெரியாது! ஓட்டத் தெரியாதவருக்கு எதற்கு மோட்டார் என்று கணக்குப் பிள்ளை கேட்கலாம். பிள்ளையைப் பெற்றவர்கள் கேட்க மாட்டார்கள். அந்த வண்டி மெம்பிஸ் நகரத்தில் அவர் வாழ்ந்த கிரேஸ்லண்ட் மாளிகையில் இன்றும் இருக்கிறது. அவர் வாங்கிய வண்டிகள் எத்தனையோ. இதை அவர் கடைசிவரை விற்கவில்லை.

இன்னொரு விஷயம். 1930-ம் வருஷத்தை ஒட்டிய பஞ்ச காலத்தில் காடிலாக் கம்பெனி மூடப்படும் நிலைக்கு வந்துவிட்டது. அந்தச் சமயத்தில் நிக்கலஸ் டிரைஸ்டாட் என்ற அதிகாரி ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். கறுப்பர்களுக்கு வண்டி விற்பதில்லை என்பது கம்பெனியின் வழக்கம். ஆனால் பழுது பார்க்க வருகிற வண்டிகளில் கறுப்பர்களுடைய வண்டிகள் இருந்தன! டாக்டர்கள், குத்துச்சண்டை வீரர்கள், பாடகர்கள் ஆகியோர் ஒரு வெள்ளைக்காரருக்குத் தனியாகப் பணம் கொடுத்து, அவர் பெயரில் வாங்கச் சொல்லி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 'அந்தப் பணத்தை நாமே ஏன் வாங்கிக்கொள்ளக் கூடாது?' என்று டிரைஸ்டாட் வாதாடிச் சம்மதம் பெற்றார் என்று பீட்டர் டிரக்கர் எழுதி வைத்திருக்கிறார். தர்மத்துக்காகச் செய்தாரா, வியாபாரத்துக்காகச் செய்தாரா? வியாபாரத்துக்காகத்தான். இருந்தாலும் கதவு திறந்தது.

அவர்களுக்கு ஏன் அவ்வளவு விலை உயர்ந்த வண்டி? 'எபனி' என்ற கறுப்பர்களின் பத்திரிகை 1949-ல் இதைப் பற்றித் தலையங்கமே எழுதிற்று. யோசித்துப் பாருங்கள். கையில் பணம் இருக்கிறது. நல்ல பேட்டையில் வீடு வாங்க விடமாட்டார்கள். ஹோட்டலில் அறை கொடுக்கமாட்டார்கள். எந்த ஊரில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று தெரிந்துகொள்ள 1936-லிருந்து 'கிரீன் புத்தகம்' என்று ஒரு வழிகாட்டியே அச்சிட்டு வைத்திருந்தார்கள். ஹோட்டல்களில் இப்படி வாசலில் நிறுத்துவது குற்றம் என்று சட்டம் வந்தது 1964-ல்தான். அதுவரையில், காசு கொடுத்தால் மறுக்காமல் கிடைத்த கௌரவங்கள் வெகு சில. அவற்றில் ஒன்று, நாலு சக்கரத்தின் மேல் இருந்தது.

ஆகையால் 'ஆடம்பரம்' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது சரியல்ல. காந்தம் வைத்த தம்ளர் ஆடம்பரம். மழையில் நடுரோட்டில் நின்றுவிடாத எஞ்சினும், இரவு படுத்துத் தூங்க அகலமான பின் ஆசனமும் சிலருக்கு ஆடம்பரம் அல்ல.

'ஒரே குடும்பம்' என்று விற்கிறவர் சொன்னால், பத்திரம், ரசீது, பழைய போட்டோ எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். எஞ்சின் எண்ணும் பத்திரத்து எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அதோடு, அந்தக் குடும்பத்தின் கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குத் தனியாக விலை கிடையாது. ஆனால் அது போய்விட்டால் எந்தப் பட்டறையிலும் புதிதாகச் செய்ய முடியாது.

"சில்லறை வேலைகள் பாக்கி"

இந்த வார்த்தைகளைக் கண்டால் கையிலுள்ள பணப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும்!

அமெரிக்காவின் வடபகுதியில் குளிர்காலத்தில் ரோடுகளில் உப்புத் தூவுகிறார்கள், பனி கரைவதற்காக. அந்த உப்பு வண்டியின் அடிவயிற்றைத் தின்றுவிடும். மேலே கண்ணாடி மாதிரி பளபளக்கும் வண்டியின் கீழே கை வைத்தால் தரைத் தகடு அப்பளம் மாதிரி நொறுங்கும். அரிஸோனா மாதிரி வறண்ட பிரதேசத்து வண்டியில் துரு இராது. ஆனால் வெயிலில் ரப்பரும் ஆசனத் துணியும் பாழாகியிருக்கும். துருவைச் சிலர் பசை வைத்து மூடி வர்ணம் அடித்துவிடுவதும் உண்டு. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய யந்திரம் எதுவும் வேண்டாம். சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப்போய்க் கதவின் அடி ஓரத்தில் வைத்துப் பாருங்கள். தகடானால் ஒட்டும், பசையானால் நழுவும்.

குரோமியப் பூச்சு மங்கியிருந்தால் மறுபூச்சுக்கு ஆகிற செலவு மலைக்க வைக்கும். இந்த வண்டியிலோ குரோமியத்துக்குப் பஞ்சமே இல்லை. மின்சார ஆசனம், மின்சாரக் கண்ணாடி, மின்சார மூடி ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்க்க வேண்டும். 'இது ஒன்றுமில்லை, ஒரு கம்பி விட்டுப்போயிருக்கிறது' என்று விற்கிறவர் சொன்னால், 'அப்படியானால் அதைச் சேர்த்துவிட்டுக் கொடுங்கள்' என்று நயமாகச் சொல்லலாம். ஒரு கம்பிதான் என்றால் அவரே சேர்த்திருப்பார் அல்லவா?

யானை வாங்குகிற பணம் வேறு, யானைக்குத் தீனி போடுகிற பணம் வேறு. முதலாவதை மட்டும் எண்ணிக்கொண்டு போகிறவர்தான் பாதி பிரித்த வண்டியைக் கொட்டகையில் போட்டுவிட்டு, பத்து வருஷம் கழித்து அதே விளம்பரத்தைத் தாமும் எழுதுகிறார்: "சில்லறை வேலைகள் பாக்கி."

விளம்பரம் சொல்லாத ஒன்று

இதுவரை பார்த்ததெல்லாம் பண விஷயம். இனிமேல் சொல்வது உயிர் விஷயம்.

1957-ம் வருஷத்து மோட்டாரைச் செய்தவர்கள் பிரயாணிகளின் சுகத்தைப் பற்றி நிறைய யோசித்தார்கள். மோதல் நடந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அவ்வளவாக யோசிக்கவில்லை. ஸ்டியரிங் தண்டு ஒரே நீளக் கம்பி. முன்னால் பலமாக மோதினால் ஓட்டுகிறவரின் மார்பை நோக்கி ஈட்டி மாதிரி வரும். மோதினால் மடங்கிக்கொள்ளும் தண்டை ஜெனரல் மோட்டார்ஸ் தன் வண்டிகளில் போட்டது 1967-ம் வருஷ மாடலிலிருந்து. வாகனப் பாதுகாப்புக்கென்று அமெரிக்காவில் தேசியச் சட்டம் வந்தது 1966-ல். புது வண்டிகளில் இடுப்புப் பட்டி கட்டாயமானது 1968-லிருந்து. இந்த வண்டியின் அடிச்சட்டம் எக்ஸ் என்ற ஆங்கில எழுத்து உருவத்தில் நடுவில் குறுகி இருக்கும். வண்டியைத் தாழ்வாக அமைக்க அது உதவிற்று. ஆனால் பக்கவாட்டில் வேறொரு வண்டி வந்து இடித்தால் தடுக்க அங்கே கனமான சட்டம் இல்லை. நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். ஏறக்குறைய இரண்டரை டன் எடையை நிறுத்த வேண்டும்.

தம்ளர் சாயக் கூடாது என்று காந்தம் வைத்தார்கள். குழந்தை சாயாமல் இருக்கப் பட்டி வைக்கவில்லை!

இதனால் பழைய வண்டியை ஓட்டவே கூடாது என்று சொல்ல வரவில்லை. நல்ல மெக்கானிக்கிடம் பிரேக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். அடிச்சட்டத்தில் உறுதியான இடத்தில் பிணைத்துப் பட்டி போட்டுக்கொள்ளுங்கள். அசல் தன்மை கெட்டுவிடுமே என்று யாராவது ஆட்சேபித்தால், உட்காருகிறவர்களும் அசல்தான், அவர்களுக்கு மாற்றுப் பாகம் கிடைக்காது என்று பதில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நிதானமாக ஊரைச் சுற்றி வாருங்கள். பேரக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு, லாரிகள் பறக்கிற பெரிய சாலையில் போட்டி போட வேண்டாம்.

விற்கிறவருக்கும் ஒரு வார்த்தை

வாங்குகிறவரையே எச்சரித்துக்கொண்டிருந்தால் நியாயமாகாது. இத்தகைய வண்டிகள் பெரும்பாலும் விற்பனைக்கு வருவது, ஆசையுடன் வைத்திருந்தவர் காலமான பிறகுதான். வீட்டு அம்மாளுக்கோ பிள்ளைகளுக்கோ அதன் அருமை தெரியாது. கொட்டகையை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்பதுதான் தெரியும். அப்போது ஒருவர் வருவார். "பழைய இரும்பு அம்மா, போனால் போகிறது, நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று தயாள குணத்துடன் பேசுவார். அந்தத் தயாளத்தில் மயங்க வேண்டாம்! காடிலாக் அபிமானிகளுக்கென்றே காடிலாக்-லாசால் கிளப் என்று 1958-லிருந்து ஒரு சங்கம் இருக்கிறது. அதைப் போன்ற இடத்தில் விசாரித்து, விவரம் தெரிந்த இரண்டு பேரிடம் மதிப்புக் கேட்டுவிட்டு, அப்புறம் பேரம் பேசுங்கள். மேஜை டிராயரில், சமையலறை அலமாரியில், அடியில் காந்தம் வைத்த சின்னத் தம்ளர் கிடைத்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கடைசியாக, அந்த விளம்பரத்தை எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று எழுதிப் பார்க்கலாமா?

"விற்பனைக்கு: 1957 காடிலாக் எல்டொராடோ புரூம். எங்கள் தகப்பனார் வாங்கியது, ரசீது இருக்கிறது. காற்றுத் தாங்கி தொல்லை கொடுத்ததால் எடுத்துவிட்டுச் சுருள் வில் போட்டார். எடுத்த பாகங்கள் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. இடது பின் கதவின் அடியில் துரு. தம்ளர் நாலு இருக்கிறது, மற்றவை இல்லை. அத்தர் தீர்ந்துவிட்டது, அம்மா உபயோகித்தார். நிதானமாக ஓட்டுகிறவருக்கு ஏற்றது. வந்து, கீழே படுத்துப் பார்த்து, பிறகு விலை சொல்லுங்கள்."

இப்படி எழுதினால் கேட்ட விலை கிடைக்குமா என்று நீங்கள் சந்தேகப்படலாம். ஒளித்து விற்றவரின் வண்டியைப் பார்க்க நூறு பேர் வருவார்கள். தொண்ணூற்றொன்பது பேர் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். துருவைத் தானே காட்டுகிறவரிடம் பத்துப் பேர்தான் வருவார்கள். ஆனால் அந்தப் பத்துப் பேரும் பையில் பணத்தோடு வருவார்கள்!